சென்ட்ரல் பார்க்கில் படியேறாமல் ஒரு நடை: எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது

கேள்வி இதுதான்: நியூயார்க்கில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க வருகிற பெற்றோரை சென்ட்ரல் பார்க்குக்கு அழைத்துச் செல்ல வேண்டும், இருவருக்கும் வயது அறுபதுக்கு மேல், அம்மாவுக்கு முழங்கால் வலி, அரை நாளில், படிக்கட்டுகளில் ஏறி இறங்கும் சிரமமின்றி, பூங்காவின் சிறந்த பகுதிகளைப் பார்த்துவிட முடியுமா, எந்தப் பாதையில் போவது, எந்த மாதம் உகந்தது?

தாராளமாக முடியும். ஆனால் பூங்கா முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். சென்ட்ரல் பார்க்கின் பரப்பு 843 ஏக்கர். தெற்கே 59-ஆம் தெருவிலிருந்து வடக்கே 110-ஆம் தெரு வரை நீளம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர், அகலம் 800 மீட்டர். நேர்கோட்டில் கணக்கிட்டால் பெரிய தூரமாகத் தெரியாது. ஆனால் உள்ளே பாதைகள் எதுவும் நேராகச் செல்வதில்லை என்பதால், தென்கோடியிலிருந்து வடகோடி வரை ஒரே மூச்சில் நடக்கக் கிளம்பியவர்கள் பாதியிலேயே களைத்துப்போய், பார்க்க வந்ததைப் பார்க்காமலே வெளியேறும் வாயிலைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். என் பரிந்துரை, தென்கிழக்கு மூலையில் நுழைந்து, மால் எனப்படும் எல்ம் மரச் சாலை வழியாக வடக்கே பெதெஸ்டா நீரூற்றுக்கு வந்து, அங்கிருந்து ஏரிக்கரையோரமாக மேற்கே திரும்பி, 72-ஆம் தெருவில் வெளியேறுவது. வளைவு நெளிவுகளையும் சேர்த்தால் மூன்று கிலோமீட்டர் அளவில் வரும். உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தாலும் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதே பாதையை மேற்கிலிருந்து தொடங்கித் தலைகீழாகவும் நடக்கலாம். பலர் அப்படித்தான் நடக்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்காததற்குக் காரணம் பூங்காவின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. 1858-இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் வந்த 33 திட்டங்களில், ஃபிரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட்டும் கால்வெர்ட் வாக்ஸும் சேர்ந்து அளித்த 'கிரீன்ஸ்வார்ட்' திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இவர்களில் வாக்ஸ் தொழில்முறைக் கட்டடக் கலைஞர். ஓல்ம்ஸ்டெட்டோ அதுவரை ஒரு பூங்காவைக்கூட வடிவமைத்திருக்கவில்லை. நகரத்திலிருந்து வருகிறவரின் கண்ணிலிருந்து நகரத்தைச் சிறிது சிறிதாக மறைத்து, ஒரு திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை அந்தத் திருப்பத்தை அடையும் வரை காட்டாமல் வைத்திருந்து, கடைசியில் ஏரியைத் திறந்து காட்டுவது அவர்களுடைய உத்தி. அன்றைய நியூயார்க்கில் பெரும்பாலான மக்கள் தெற்கேதான் வாழ்ந்தார்கள். எனவே காட்சிகளின் வரிசையும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே அமைந்தது. எதிர்த் திசையில் நடந்தால் உச்சக் காட்சியை முதலிலேயே பார்த்துவிட்டு மற்றவற்றை மிச்சமாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

சுரங்க ரயிலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பூங்காவின் தென்கிழக்கு மூலைக்கு மிக அருகில் இருப்பது ஐந்தாம் அவென்யூ–59-ஆம் தெரு நிலையம். ஆனால் அங்கே படியேறித்தான் வெளியே வர வேண்டும். மூட்டு வலி உள்ளவரோடு வருகிறீர்கள் என்றால், க்யூ ரயில் நிற்கும் லெக்சிங்டன் அவென்யூ–63-ஆம் தெரு நிலையத்தில் இறங்குங்கள். அது ஆழமான நிலையம், ஆனால் லிஃப்ட் உண்டு. அங்கிருந்து மேற்கே சில நிமிடம் சமதரையில் நடந்தால் பூங்காவை அடைந்துவிடலாம். முடிக்கும் இடத்திலும் இதே பிரச்சினைதான்: 72-ஆம் தெரு நிலையத்தில் பி, சி ரயில்கள் நிற்கும் (பி ரயில் சனி, ஞாயிறுகளில் ஓடாது), ஆனால் இறங்குவதற்குப் படிகள்தான். அதற்குப் பதிலாகப் பூங்காவின் மேற்கு விளிம்பில் தெற்கு நோக்கிச் செல்லும் எம்10 பேருந்தில் ஏறினால், லிஃப்ட் வசதியுள்ள கொலம்பஸ் சர்க்கிள் நிலையத்துக்குச் சென்றுவிடலாம். நகரப் பேருந்துகள் அனைத்திலும் சாய்தளம் உண்டு. ஓட்டுநரிடம் கேட்டால் முன்பக்கத்தைத் தாழ்த்தியும் தருவார்.

பூங்காவுக்குள் நுழையும் இடம் கிராண்ட் ஆர்மி பிளாசா. தங்கமுலாம் பூசிய குதிரைமேல், அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதி ஜெனரல் ஷெர்மன் அமர்ந்திருக்கும் சிலை அங்கே இருக்கிறது. 1903-இல் நிறுவப்பட்ட, அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸின் வேலை. அந்த மூலையில் மிதிரிக்‌ஷாக்காரர்களும் குதிரை வண்டிக்காரர்களும் உங்களைச் சூழ்ந்துகொள்வார்கள். மிதிரிக்‌ஷாக்களில் கட்டணம் நிமிடக் கணக்கில் ஏறும். நிமிடத்துக்கு எவ்வளவு என்பதை வண்டியில் எழுதிவைத்திருக்க வேண்டும் என்பது நகரத்தின் விதி. ஆனால் அதைப் படித்துப் பார்க்காமல் ஏறி அமர்பவர்களை நம்பித்தான் அந்தத் தொழிலின் ஒரு பகுதி நடக்கிறது. வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டு, சரிவுப் பாதையில் குளத்தை நோக்கி இறங்கிவிடுங்கள்.

தெருவைவிடத் தாழ்வாக இருப்பதால், அந்தக் குளத்தருகே வந்ததும் வாகன இரைச்சல் சட்டென்று குறைவதை நீங்களே உணர்வீர்கள். குளத்தின் வடகிழக்கு முனையில் கேப்ஸ்டோ பாலம். கொடி படர்ந்த இந்தக் கல் வளைவு 1896-இல், பழைய மரப்பாலம் பழுதான பிறகு கட்டப்பட்டது. பாலத்தின் நடுவில் நின்று தெற்கே திரும்பிப் பார்த்தால், பிளாசா ஹோட்டலின் கூரையும் அதன் பின்னால் புதிதாக எழுந்த ஒல்லியான கோபுரங்களும் நீரில் தலைகீழாகத் தெரியும். பெற்றோரை நிற்கவைத்துப் படம் எடுக்க இதைவிட நல்ல இடம் இந்தப் பாதையில் ஒன்றுதான் உண்டு. அது பிறகு வரும்.

அடுத்து வழியோரத்தில் புடைத்து நிற்கும் கரும்பாறைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். இது மன்ஹாட்டன் ஷிஸ்ட் எனும் உருமாறிய பாறை. சுமார் 45 கோடி ஆண்டுப் பழமையானது. வெயில் சாய்வாக விழும் வேளையில் அதன் அருகே குனிந்து பார்த்தால், மைக்காத் துகள்கள் ஜரிகை இழைபோல மின்னுவது தெரியும். விரலால் தடவினால் சில இடங்களில் ஒரே திசையில், வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடும் நீண்ட கீறல்கள் தட்டுப்படும். கடைசிப் பனியுகத்தில் இந்த நிலத்தின் மீது நகர்ந்த பனிப்பாளம், தன் அடியில் சிக்கிய கற்களைக் கொண்டு உழுத தடங்கள் அவை. பூங்காவில் மனிதக் கை படாமல் எஞ்சியிருப்பவை ஏறக்குறைய இந்தப் பாறைகள் மட்டுமே. ஏரிகள், குளங்கள், புல்வெளிகள், 'இயற்கையான' காடு அனைத்துமே தோண்டியும் கொட்டியும் நட்டும் உருவாக்கப்பட்டவை.

பாறைகளைத் தாண்டி வடக்கே போனால் டெய்ரி என்ற சிறு கட்டடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரத்தில் விற்ற பால், சாராய ஆலைக் கழிவைத் தின்ற மாடுகளிடமிருந்து கறந்ததாகவும் கலப்படமானதாகவும் இருந்த காலத்தில், குழந்தைகளுக்கு நல்ல பால் கிடைக்க வேண்டும் என்று கட்டப்பட்டது. இப்போது அது பார்வையாளர் தகவல் மையம். வரைபடம் வேண்டுமானால் அங்கே பெற்றுக்கொள்ளலாம்.

டெய்ரியிலிருந்து மாலுக்குப் போகும் வழியில், 65-ஆம் தெருவின் நீட்சியாகப் பூங்காவைக் குறுக்கே வெட்டிச் செல்லும் வாகனச் சாலையை நீங்கள் கடந்திருப்பீர்கள். கடந்தது தெரிந்திருக்காது. குறுக்குச் சாலைகள் நான்கையும் நிலமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் அமைத்து, பாதசாரிகளின் பாதையை அவற்றின் மேலே கொண்டுசென்றதுதான் கிரீன்ஸ்வார்ட் திட்டத்தின் மிகப் பெரிய சாமர்த்தியம் என்பது என் கருத்து. மோட்டார் வாகனம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் போட்ட திட்டம், இன்றைய டாக்சிகளையும் பேருந்துகளையும் அப்படியே விழுங்கிக்கொள்கிறது. உள்ளே வளைந்தோடும் சாலைகளில் 2018 ஜூன் முதல் கார்கள் முற்றிலும் அனுமதிக்கப்படுவதில்லை. ஆனால் அந்தச் சாலைகளைக் கடக்கும்போதுதான் கவனம் அதிகம் தேவை: சைக்கிள்களும், சத்தமே இல்லாமல் வரும் மின்சைக்கிள்களும் பூங்காவை இடஞ்சுழியாகச் சுற்றி வேகமாக வருகின்றன. எல்லாரும் சிக்னலுக்கு நிற்பார்கள் என்று நம்ப வேண்டாம். வயதானவர்களைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல வேண்டிய இடம் இந்த முழுப் பாதையிலும் இது ஒன்றுதான்.

மால் என்பது ஏறத்தாழ 400 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட, முற்றிலும் சமதளமான நடைவழி. வளைவுகளையே விரும்பிய வடிவமைப்பாளர்கள் நேர்கோடாக வரைந்த ஒரே பெரிய பாதையும் இதுதான். இருபுறமும் நிற்கும் அமெரிக்க எல்ம் மரங்களின் கிளைகள் மேலே ஒன்றோடொன்று சேர்ந்து கூரையாகின்றன. இருபதாம் நூற்றாண்டில் டச்சு எல்ம் நோய் என்ற பூஞ்சைத் தொற்று, பட்டை வண்டுகள் மூலம் பரவி, அமெரிக்க நகரங்களின் எல்ம் சாலைகளை ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டது. இங்கே மிஞ்சியதற்குக் காரணம், நகரக் கட்டடங்களுக்கு நடுவே இந்த மரக்கூட்டம் தனித்து நிற்பதும், வாடும் கிளை கண்ணில் பட்டவுடன் வெட்டி அகற்றும் இடைவிடாத கண்காணிப்புமே. 1980 முதல் பூங்காவைப் பராமரிக்கும் சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி என்ற தனியார் அறக்கட்டளை அந்தக் காவலை இன்றும் தொடர்கிறது.

மாலின் தென்பகுதியில் எழுத்தாளர்களின் சிலைகள் உண்டு: ஷேக்ஸ்பியர், ராபர்ட் பர்ன்ஸ், வால்டர் ஸ்காட். இவர்களோடு ஃபிட்ஸ்-கிரீன் ஹாலெக் என்ற கவிஞரும் அமர்ந்திருக்கிறார். 1877-இல் அவருடைய சிலையைத் திறந்துவைக்க ஜனாதிபதி ரதர்ஃபோர்ட் ஹேஸே நேரில் வந்தார். இன்று அவரைப் படிப்பவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கற்பனைப் பாத்திரங்களாக மட்டுமே பெண்களுக்கு இடமிருந்த இந்தப் பூங்காவில், உண்மையில் வாழ்ந்த பெண்களுக்கான முதல் சிலை 2020 ஆகஸ்டில்தான் மாலில் நிறுவப்பட்டது. பெண்ணுரிமைப் போராளிகளான சோஜர்னர் ட்ரூத், சூசன் பி. ஆன்டனி, எலிசபெத் கேடி ஸ்டான்டன் மூவரும் ஒரு மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். முழங்காலுக்கு ஓய்வு கொடுக்க இதுவே சரியான இடம். மாலின் இருமருங்கிலும் பெஞ்சுகள் வரிசையாக உள்ளன. உட்காரும்முன் முதுகுச் சட்டத்தில் பதித்திருக்கும் சிறு உலோகத் தகட்டைப் படியுங்கள். இறந்துபோன கணவனுக்கு, ஒரு நாய்க்கு, ஐம்பதாவது திருமண நாளுக்கு என்று யாரோ நன்கொடை தந்து எழுதிவைத்த வரிகள் அவை. கழிப்பறைக்கு, மேற்கே ஷீப் மெடோவின் வடக்கு ஓரத்தில் உள்ள மினரல் ஸ்பிரிங்ஸ் கட்டடத்துக்குப் போகலாம். ஷீப் மெடோ என்ற அந்த 15 ஏக்கர் புல்வெளியில் 1934 வரை உண்மையிலேயே செம்மறியாடுகள் மேய்ந்தன.

மால் முடியும் இடத்தில்தான் கேள்வியின் கடினமான பகுதி இருக்கிறது. பெதெஸ்டா மேல்தளத்திலிருந்து கீழே நீரூற்றுக்குச் செல்லப் பெரிய கல் படிக்கட்டுகள்தான் நேர்வழி. படி இறங்க முடியாதவர்கள் மேல்தளத்திலேயே நின்று, நீரூற்றையும் ஏரியையும் எதிர்க்கரைக் காட்டையும் ஒருசேரப் பார்த்துவிட்டு, 72-ஆம் தெருப் பாதையில் மேற்கே செர்ரி ஹில் எனும் மேடு வரை போய், அங்கிருந்து ஏரிக்கரைக்கு இறங்கும் சரிவில் சுற்றி வரலாம். கூடுதலாகச் சில நிமிடம் ஆகும். பார்வைக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. மேலிருந்து பார்ப்பதுதான் ஓல்ம்ஸ்டெட்டும் வாக்ஸும் திட்டமிட்ட காட்சி.

மேல்தளத்தில் நிற்கும்போது படிக்கட்டின் முகப்புத் தூண்களில் ஜேகப் ரே மோல்ட் வடிவமைத்த சிற்பங்களைத் தேடிப் பாருங்கள். கிழக்குப் பக்கம் பகல்: உதிக்கும் சூரியன், கூவும் சேவல். மேற்குப் பக்கம் இரவு: ஆந்தை, வௌவால், விளக்கும் விரித்த புத்தகமும், துடைப்பத்தில் பறக்கும் ஒரு சூனியக்காரியும். எதிரே வரும் கூட்டம் முழுவதும் நீரூற்றையே பார்த்துக்கொண்டு இறங்குவதால் இந்தச் சூனியக்காரியைக் கவனிப்பவர்கள் மிகக் குறைவு. கீழ்த்தளத்தில், சாலைக்கு அடியில் உள்ள மண்டபத்தின் விதானம் முழுவதும் இங்கிலாந்தின் மிண்டன் நிறுவனம் செய்த ஓடுகள், 15,000-க்கும் மேல். நிறங்கள் மேலே பூசப்பட்டவை அல்ல. வெவ்வேறு நிறக் களிமண்ணை அச்சுக்குள் இழைத்துச் சுட்டவை. தரைக்குப் பதிக்கும் ஓட்டைக் கூரையில் தொங்கவிட்டதால் நாளடைவில் அவை தளர்ந்து, 1980-களில் கழற்றி வைக்கப்பட்டு, 2007-இல்தான் மீண்டும் ஏறின. அந்த மண்டபத்தில் குரல் நன்றாக எதிரொலிப்பதால் பாடகர்கள் அங்கே கூடுவார்கள்.

நீரூற்றின் உச்சியில் நிற்கும் தேவதை எம்மா ஸ்டெபின்ஸின் படைப்பு, 1873-இல் திறக்கப்பட்டது. நகரத்தின் முக்கியமான பொதுச் சிற்பப் பணி ஒன்றைப் பெற்ற முதல் பெண் அவர். 1842-இல் குரோட்டன் கால்வாய் வழியே நகரத்துக்கு நல்ல தண்ணீர் வந்ததன் நினைவாக எழுந்தது இது. அதற்குப் பத்தாண்டு முன்புதான் 1832-இன் காலரா இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கானோரைப் பலி கொண்டிருந்தது. நோய் தீர்க்கும் பெதெஸ்டா குளத்தைப் பற்றிய விவிலியக் கதையைச் சிற்பி எடுத்துக்கொண்டதன் பொருள் அந்தப் பின்னணியில்தான் விளங்கும்.

நீரூற்றிலிருந்து மேற்கே ஏரிக்கரையோரமாக நடந்தால் போ பாலம். 1862-இல் வார்ப்பிரும்பால் கட்டப்பட்ட இதுதான் நான் முன்பு குறிப்பிட்ட இரண்டாவது படமெடுக்கும் இடம். பாலத்தின் நடுவரை சென்று திரும்பிவிடுங்கள். அக்கரையில் இருப்பது ரேம்பிள்: பாறைப் படிகளும் மேடு பள்ளமும் குறுகிப் பிரியும் ஒற்றையடிப் பாதைகளும் நிறைந்த காட்டுப் பகுதி, முழங்காலுக்கு ஆகாது. பறவை நோக்குபவர்களுக்கு மட்டும் அது சொர்க்கம். அட்லாண்டிக் கரையோர வலசைப் பாதையில், மைல்கணக்கான கான்கிரீட்டுக்கு நடுவே கிடைக்கும் பெரிய பச்சைத் திட்டு என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் சிறு பறவைகள் கூட்டமாக இங்கே இறங்குகின்றன. வரும் இருவரில் ஒருவருக்கு அதில் ஆர்வம் இருந்தால், மற்றவர் செர்ரி ஹில்லில் உட்கார்ந்து காத்திருக்கலாம்.

பாதை குழம்பினால் கைபேசியை எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நான்கு இலக்கத் தகடு ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் அருகிலுள்ள தெருவின் எண். கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் நீங்கள் கிழக்குப் பாதியில் இருக்கிறீர்கள், ஒற்றைப்படை என்றால் மேற்குப் பாதியில். 7213 என்று இருந்தால் 72-ஆம் தெரு, மேற்குப் பக்கம். அதாவது வாயிலை நெருங்கிவிட்டீர்கள்.

அந்த வாயிலுக்குச் சற்று முன்னால் ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ். எதிர்ப்புறம் உள்ள டகோட்டா கட்டடத்தின் வாசலில் 1980 டிசம்பர் 8 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட பீட்டில்ஸ் இசைக்குழுப் பாடகர் ஜான் லெனனின் நினைவிடம், 1985-இல் திறக்கப்பட்டது. தரையில் பதித்த கறுப்பு வெள்ளை வட்டத்தைச் சுற்றி எப்போதும் கூட்டமும் ஒரு கித்தாரும் இருக்கும். வயதானவர்களுக்கு இதில் பெரிய ஈடுபாடு இராது. ஐந்து நிமிடம் போதும். மாறாக, வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் இன்னும் பத்துத் தெரு வடக்கே, 82-ஆம் தெருவுக்கும் 89-ஆம் தெருவுக்கும் இடையே செனகா கிராமம் இருந்த இடத்தைப் பார்க்கலாம். 1825 முதல் சொந்த நிலம் வாங்கிக் குடியேறிய கறுப்பின மக்கள் வீடுகளும் தேவாலயங்களும் பள்ளியுமாக வாழ்ந்த ஊர் அது. பூங்காவுக்காக 1857-இல் அகற்றப்பட்டது. நடக்க இயலாதவர்களுக்கு எம்10 பேருந்து வடக்கேயும் போகும்.

இன்னொரு நாள் கிடைத்தால், வடகிழக்கில் ஐந்தாம் அவென்யூ–105-ஆம் தெருவில் உள்ள கன்சர்வேட்டரி தோட்டத்துக்குப் போங்கள். 1937-இல் திறந்த இந்த 6 ஏக்கர் தோட்டத்தில் இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் என மூன்று பாணிகள் உண்டு; சுற்றுலாக் கூட்டம் இவ்வளவு தூரம் வருவதில்லை. முகப்பு வாயிலில் படிகள் உள்ளன; 106-ஆம் தெருப் பக்க வாயிலில் படியில்லை. வெளியே வந்தால் ஹார்லெம் மீர் ஏரியைச் சுற்றிச் சமதளப் பாதை இருக்கிறது.

மாதத்தைப் பொறுத்தவரை, செர்ரிப் பூவுக்கு ஏப்ரல். இலை நிறம் மாறுவதைப் பார்க்க அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை. மாலின் எல்ம் மரங்கள் மற்றவற்றுக்குப் பின்தான் மஞ்சளாகும் என்பதால் இரண்டில் நவம்பர் முதல் வாரத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். குளிரும் அப்போது ஒரு ஸ்வெட்டரில் அடங்கும் அளவில்தான் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம் அதிகம். ஜனவரி, பிப்ரவரியில் பனி உறைந்து பாதை வழுக்கும். முழங்கால் வலி உள்ளவரை அந்த மாதங்களில் அழைத்துவர வேண்டாம். எந்த மாதமானாலும் வார நாளில் காலை எட்டரை மணிக்கு மாலில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பதினொரு மணிக்குமேல் பெஞ்சு கிடைப்பது கடினம்.